ஸ்பானிஷில் மேசை ஏன் பெண்பால்? எல், லா பழகும் முறை

ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கிய முதல் வாரமே இந்தக் கேள்வி வந்துவிடும்: மேசைக்கு எதற்கு ஆண்பால், பெண்பால்? தமிழில் ஆண், பெண் என்று பிரிப்பது உயர்திணைக்குத்தான். மேசை, மரம், மழை எல்லாம் 'அது' என்பதற்குள் அடங்கிவிடும். ஸ்பானிஷ் பெயர்ச்சொற்களிலோ ஒன்றன்பாலே கிடையாது. எந்தப் பெயரானாலும் ஆண் அல்லது பெண்தான்.

முதலில் ஒன்றை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். பால் என்பது சொல்லுக்கு உரியது, பொருளுக்கு அல்ல. கணினியை ஸ்பெயினில் 'எல் ஓர்தெனாதோர்' என்பார்கள், ஆண்பால். மெக்சிகோவில் அதுவே 'லா கொம்ப்பூத்தாதோரா', பெண்பால். பெட்டி ஒன்றுதான், சொல் மாறியதும் பாலும் மாறிவிட்டது. அதனால் மேசையில் பெண்மை எங்கே இருக்கிறது என்று தேடவேண்டாம்.

படி 1: எட்டு ஆர்ட்டிகிள்கள்

ஆர்ட்டிகிள் என்பது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் சிறு சொல், ஆங்கிலத்தின் the, a போல. குறிப்பிட்ட பொருள் என்றால் ஆண்பால் ஒருமைக்கு எல், பன்மைக்கு லோஸ். பெண்பால் ஒருமைக்கு லா, பன்மைக்கு லாஸ். ஏதோ ஒன்று என்றால் ஊன், ஊனா; ஏதோ சில என்றால் ஊனோஸ், ஊனாஸ்.

எப்போது எதைப் போடுவது? 'புத்தகம் வாங்கினேன்', 'புத்தகத்தை வாங்கினேன்' இரண்டையும் சொல்லிப் பாருங்கள். முதலாவது ஏதோ ஒரு புத்தகம்: கொம்ப்ரே ஊன் லீப்ரோ. இரண்டாவது, கேட்பவருக்கும் தெரிந்த அந்தப் புத்தகம்: கொம்ப்ரே எல் லீப்ரோ. நாம் 'ஐ' உருபில் காட்டும் வேறுபாட்டை அவர்கள் ஆர்ட்டிகிளில் காட்டுகிறார்கள். எல்லா வாக்கியத்துக்கும் இது பொருந்தாது. 'எனக்குக் காபி பிடிக்கும்' என்று பொதுவாகச் சொல்லும்போதுகூட 'மே குஸ்தா எல் கஃபே' என்று எல் போட்டாகவேண்டும். ஆனாலும் தொடக்கத்துக்கு நல்ல கைப்பிடி.

படி 2: சொல்லின் கடைசி எழுத்து

ஓ-வில் முடிந்தால் பெரும்பாலும் ஆண்பால்: எல் லீப்ரோ. ஆ-வில் முடிந்தால் பெரும்பாலும் பெண்பால்: லா காஸா, அதாவது வீடு. 'ஸியோன்', 'தாத்' என்று முடிபவையும் பெண்பால்: லா எஸ்தாஸியோன் (நிலையம்), லா ஸியுதாத் (நகரம்). ஏ-யில் முடிபவற்றை நம்பமுடியாது. கார் எல் கோச்சே, இரவு லா நோச்சே.

படி 3: ஏமாற்றும் சொற்கள்

இங்கேதான் நிதானம் வேண்டும். ஆ-வில் முடிந்தும் ஆண்பாலானவை: எல் தீயா (நாள்), எல் மாப்பா (வரைபடம்). கிரேக்கத்திலிருந்து வந்து 'மா' என்று முடியும் சொற்கள் பலவும் அப்படித்தான்: எல் ப்ரோப்லேமா, எல் இதியோமா (மொழி), எல் ஸிஸ்தேமா. எதிர்ப்பக்கம், ஓ-வில் முடிந்தும் பெண்பாலானது லா மானோ, கை. லா ஃபோத்தோவும் பெண்பால்தான், ஏனென்றால் அது ஃபோத்தோக்ராஃபீயா என்ற பெண்பால் சொல்லின் சுருக்கம்.

எனக்கு மிகவும் பிடித்த விதிவிலக்கு தண்ணீர். ஆக்வா பெண்பால், ஆனால் 'லா ஆக்வா' என்று சொல்வதில்லை, 'எல் ஆக்வா'. லா-வின் ஆ-வும் அழுத்தி ஒலிக்கும் அடுத்த ஆ-வும் மோதக்கூடாது என்பதற்காக. மா, இலை சேரும்போது நடுவில் 'வ்' போட்டு மாவிலை ஆக்குகிறோமே, அதுபோன்ற ஓசைத் தேவைதான். அவர்கள் ஆர்ட்டிகிளையே மாற்றிவிடுகிறார்கள். பால் மட்டும் மாறுவதில்லை: குளிர்ந்த நீர் 'எல் ஆக்வா ஃப்ரீயா', பன்மையில் 'லாஸ் ஆக்வாஸ்'. முதல் ஆ-வில் அழுத்தம் இல்லாவிட்டால் இந்தச் சிக்கலே இல்லை. தோழி லா அமீகாதான்.

படி 4: பன்மை

இது எளிது. உயிரில் முடிந்தால் 'ஸ்': காஸா, காஸாஸ். மெய்யில் முடிந்தால் 'எஸ்': ஃப்ளோர் (பூ), ஃப்ளோரெஸ். ஆணும் பெண்ணும் கலந்த கூட்டத்துக்கு ஆண்பால் பன்மை: லோஸ் அமீகோஸ்.

படி 5: பெயரடையும் கூடவே மாறும்

தமிழில் வெள்ளை வீடு, வெள்ளை வீடுகள், 'வெள்ளை' அசையாது. ஸ்பானிஷில் லா காஸா ப்ளாங்கா, லாஸ் காஸாஸ் ப்ளாங்காஸ், எல் லீப்ரோ ப்ளாங்கோ. நான் ஆர்ட்டிகிளைச் சரியாகப் போட்டுவிட்டுப் பெயரடையில் தவறியது பல முறை. சத்தமாகச் சொல்லிப் பழகியபிறகுதான் காது தானாகவே திருத்தத் தொடங்கியது.

படி 6: வீட்டிலேயே பயிற்சி

புதுச் சொல்லை ஒருபோதும் தனியாக எழுதாதீர்கள். 'மேஸா' அல்ல, 'லா மேஸா'. நமக்குப் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. மேசை, சாவி, அலமாரி மூன்றும் போர்ச்சுகீசியர் வழியாகத் தமிழுக்கு வந்தவை. ஸ்பானிஷில் அவற்றின் உறவுச் சொற்கள் லா மேஸா, லா யாவே, எல் அர்மாரியோ. மூன்று துண்டுச் சீட்டில் எழுதி அந்தந்தப் பொருளில் ஒட்டுங்கள், லா-வுக்குச் சிவப்பு மை, எல்-லுக்கு நீலம். அப்புறம் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டுச் சொல்லுங்கள்: லாஸ் யாவெஸ் எஸ்தான் என் லா மேஸா (சாவிகள் மேசைமேல் இருக்கின்றன). ஒரு சாவியை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்துக்கொண்டு மறுபடி சொல்லுங்கள்: லா யாவே எஸ்தா என் லா மேஸா.