சென்னையில் பேயை ஒளித்துவைக்க முடியாது

சென்னையில் நடக்கும் மாயக் கதைகள் மூன்று, இந்த மாதம் கைப்பிரதியாகப் படிக்க வந்தன. மூன்றிலும் பத்து வருடத்துக்கு முன் நான் பண்ணிய அதே கோளாறு. ஒருவழிப் பாதையில் எதிரே வண்டி விடுவது, சென்ட்ரலில் இறங்க வேண்டியவரை எழும்பூரில் இறக்குவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். படிக்கிற நண்பர் யாராவது பிடித்துவிடுவார். அவர் கண்ணுக்கும் தப்புகிறவை இவை.

யாருக்கும் தெரியாத ரகசிய உலகம்

என் இரண்டு வருடத்தைத் தின்றது இதுதான். இன்றைய தி.நகர் இருக்கும் இடத்தில் முன்பு மாம்பலம் ஏரி இருந்தது. லாங் டேங்க் என்பார்கள். 1920-களில் அதை வற்றவைத்து மனை போட்டார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்றும் இருக்கிறது, பார்க்கத்தான் ஏரி இல்லை. அந்த ஏரியின் காவல்தெய்வம் துணிக்கடைகளுக்கு அடியில் மாட்டிக்கொண்டது என்பது என் கதை. கரு ஒன்றும் மோசமில்லை. ஆனால் அதை ஊர்க்கண்ணில் படாமல் மறைக்க ஒரு ரகசியச் சங்கத்தை வைத்தேன். பார்த்தவர்களின் நினைவை அழிப்பதிலேயே பாதி நாவல் போயிற்று.

அந்தச் சமயம் எங்கள் தெருமுனை வேப்பமரத்தில் பால் வடிந்தது. முதல் நாள் யாரோ மஞ்சள் துணி சுற்றினார்கள். மூன்றாம் நாள் குங்குமம், எலுமிச்சம்பழம், நாலு செங்கல். அடுத்த வாரம் தகரக் கூரை, பூட்டுப் போட்ட உண்டியல். ஆடி பிறந்ததும் ஸ்பீக்கர் கட்டிக் கூழ் ஊற்றினார்கள். பக்கத்தில் பூ விற்கும் அக்காவிடம், "பயமா இல்லையா?" என்று கேட்டேன்.

"வந்தவளுக்குக் கூழு ஊத்தாம தொரத்தியா விடுவாங்க சார்?" என்றார், பூக்கட்டும் கையை நிறுத்தாமல்.

அன்றே சங்கத்தை வெட்டினேன். நூற்றெழுபது பக்கம். இந்த ஊரில் பூதம் எழுந்தால் மறைக்க யாரும் வரமாட்டார்கள், ரசீதுப் புத்தகத்தோடு நன்கொடை கேட்கத்தான் வருவார்கள். ரோடு போட வந்தவர்கள் அந்த இடத்தைத் தொடப் பயந்து வளைத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். கதையின் சிக்கல் அங்கேதான் கிடக்கிறது: சாமி யார் பக்கம், உண்டியல் சாவி யார் கையில்? அதை விட்டுவிட்டு வெளிநாட்டு நாவலிலிருந்து நினைவழிப்பு மந்திரத்தை இறக்குகிறவர்களைப் பார்த்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

காட்டேரிக்குக் கறுப்பு மேலங்கி

வேண்டாம். பல குடும்பங்களில் அவள் படையல் வாங்குகிறவள். அதுவும் சென்னை மே மாதத்தில் மேலங்கியா!

கண்மூடித் திறப்பதற்குள் ஊர் தாண்டுவது

கூவத்துப் பூதம் அடையாற்றுக்குப் போக வேண்டுமா? இரண்டையும் பக்கிங்காம் கால்வாய் இணைக்கிறது. சேப்பாக்கத்துக்கு அப்புறம் தலைக்கு மேல் பறக்கும் ரயில், கால்வாய்க்குள்ளேயே தூண்கள், இடையில் பிளாஸ்டிக்கும் ஆகாயத்தாமரையும். அதில் நீந்தவிட்டுப் பாருங்கள், ஒரு அத்தியாயம் தானாக வரும்.

கூவக்கரைக் காதல்

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று முதலில் சொல்லிவிடுங்கள்.