அப்பலாச்சியன் பாதையில் இரவு: கரடிக்குப் பயந்து எலியை மறந்துவிடாதீர்கள்

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி மெய்னின் கட்டாடின் சிகரம் வரை 14 மாநிலங்களைக் கடக்கிறது அப்பலாச்சியன் பாதை. ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர். வழியில் 250க்கும் மேற்பட்ட ஷெல்டர்கள் இருக்கின்றன என்று படித்ததுமே, ‘அப்புறம் எதற்கு டென்ட், ஒரு கிலோ சுமை மிச்சம்தானே’ என்று கணக்குப் போடத் தோன்றும். முதல் தவறு அதுதான்.

ஷெல்டர் என்றதும் கதவு, தாழ்ப்பாள் எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் மூன்று பக்கச் சுவர், மேலே கூரை, கீழே பலகை. முன்பக்கம் திறந்தே கிடக்கும். ஒரு திண்ணையைப் பெயர்த்துக் காட்டுக்குள் வைத்த மாதிரி. முந்தி வந்தவருக்கே இடம். மழையில் நனைந்துகொண்டு இருட்டும் நேரத்தில் போய்ச் சேர்ந்தால், அங்கே வரிசையாகக் கால் நீட்டிப் படுத்திருப்பார்கள். ஆகவே டென்ட் கூடவே வரட்டும். இடம் காலியாக இருக்கிறதே என்று அதை ஷெல்டருக்குள்ளேயே விரிப்பவர்களும் உண்டு. மூன்று பேர் படுக்கும் இடத்தை ஒருவரே அடைத்துக்கொள்ளும் அந்த வேலை வேண்டாம்.

டென்ட் இருக்கிறது என்பதற்காக நினைத்த இடத்தில் போட்டுவிடவும் முடியாது. கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவில் அனுமதிச் சீட்டு வேண்டும்; பாதையோரம் ஷெல்டரில்தான் தங்க வேண்டும். நெடும்பாதை முழுக்க நடப்பவர்களுக்கு மட்டும், ஷெல்டர் நிரம்பிவிட்டால் பக்கத்தில் டென்ட் போட விதி இடம் கொடுக்கிறது. மற்ற இடங்களில் தரையைப் பார்ப்பதற்கு முன் தலைக்கு மேலே பாருங்கள். பட்ட மரமோ முறிந்து தொங்கும் கிளையோ இருந்தால் நகர்ந்துவிடுங்கள்.

இனி சாப்பாடு. எங்கே தூங்கினாலும் அது உங்கள் பக்கத்தில் இருக்கக் கூடாது. பெரும்பாலானோர் பருப்பையும் நூடுல்ஸையும் தூரத்தில் வைத்துவிட்டு, பற்பசை, சன்ஸ்கிரீன், சாக்லேட் உறை இவற்றைத் தலைமாட்டில் வைத்துக்கொள்வார்கள். கரடிக்கு மணம்தான் கணக்கு. பையை மரத்தில் தொங்கவிடுவதானால் தரையிலிருந்து குறைந்தது 12 அடி உயரம், அடிமரத்திலிருந்து 6 அடி விலகல். களைத்த கையோடு, இருட்டில், கல் கட்டிய கயிற்றை எறிந்து அப்படியொரு கிளையைப் பிடிப்பது எவ்வளவு சிரமம் என்று ஒருமுறை முயன்றவருக்குத் தெரியும். பாதி உயரத்தில் தொங்கும் பை கரடிக்கு வைத்த படையல்தான்.

என்னைக் கேட்டால், கரடியால் திறக்க முடியாத கெட்டி டப்பாவே மேல். கிட்டத்தட்ட ஒரு கிலோ கனம் என்பது உண்மைதான். ஆனாலும் ஜார்ஜியாவின் பிளட் மலையை ஒட்டிய ஐந்து மைல் தூரத்தில், வசந்த காலத்தில் இரவு தங்க அது கட்டாயம். அதைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடாதீர்கள். கயிறு இருந்தால் கரடி இழுத்துக்கொண்டே போய்விடும். கூடாரத்திலிருந்து தள்ளி, ஓடையோ சரிவோ இல்லாத சமதரையில் சும்மா வைத்தால் போதும்.

ஷெல்டரில் கரடியைவிட நிச்சயமான விருந்தாளி எலி. அங்கே சமைத்தவர்கள் சிந்திய பருக்கையில்தான் அதன் குடும்பம் வளர்கிறது. எலிப் புழுக்கை கிடக்கும் தரையைக் காய்ந்தபடியே கூட்டிப் பெருக்கினால் தூசியோடு, நுரையீரலைத் தாக்கும் ஹான்டா வைரஸும் மூச்சில் ஏறலாம். பலர் புழங்கும் இடத்தில், வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நோரோ வைரஸும் பரவும். அதற்குச் சானிடைசர் சரிவராது, சோப்பு போட்டுக் கழுவுங்கள். கழுவுவதை ஓடையில் அல்ல, தள்ளி நின்று.

சாப்பாட்டை எடுத்துவிட்ட முதுகுப்பையை ஆணியில் மாட்டும்போது ஜிப்புகளையெல்லாம் திறந்தே விடுங்கள். எலி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று திரும்பிவிடும். மூடி வைத்தால் ஓட்டை போட்டுத்தான் பார்க்கும்.