யப்பான் வாளை இனம் காண்பது எப்படி?

உப்புவெளியில் என்னிடம் கராத்தே பழகும் பொடியன்கள் யப்பான் வாள் எதைக் கண்டாலும் ‘கத்தானா’ என்கிறார்கள். அவர்களுக்காகவே இது.

முதலில் வெட்டுவாயைப் பாருங்கள். அது கீழ்நோக்க இடுப்பில் தொங்கினால் தாச்சி. மேல்நோக்க இடுப்புப்பட்டியில் செருகியிருந்தால் கத்தானா. தாச்சிதான் மூத்தது, குதிரைவீரர்களின் வாள்.

அடுத்து நீளம். பிடிக்குச் சற்று மேலே, வாளின் முதுகில் சின்ன வெட்டு ஒன்று இருக்கும். அங்கிருந்து நுனிவரை நேர்கோட்டில் அளவுநாடாவைப் பிடியுங்கள். வளைவோடு ஓட்டினால் கணக்குப் பிழைக்கும். 60.6 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் கத்தானா, 30.3க்குக் கீழே தாந்தோ, இடைப்பட்டது வாக்கிசாஷி.

பிடியைக் கழற்றினால் உள்ளே கறுத்த துரு படிந்த அடிப்பகுதி, நாக்காகோ. கொல்லன் பெயர் வெட்டியிருந்தால் அங்கேதான் இருக்கும். கடற்காற்றுக்குப் பழகிய நமக்குத் துருவைக் கண்டால் கை சும்மா இருக்காது. தயவுசெய்து தேய்க்காதீர்கள்! வாளின் வயதை மதிப்பிட அந்தத் துருதான் பெரிய சாட்சி.

அப்புறம் ஹாமோன். ஒற்றை விளக்கின் கீழ் வாளை மெல்லச் சாய்த்தால், வெட்டுவாயை ஒட்டி வெண்ணிற அலை ஒன்று ஓடும். களிமண் பூசிச் சூடாக்கி, நீரில் அமிழ்த்தும்போது பிறப்பது அது. நல்ல வாளில் அலையின் விளிம்பில் நுண்ணிய மணிகள் மினுங்கும். அமிலத்தால் வரைந்த போலியில் வெறும் கோடுதான்.