பிரெஞ்சு உச்சரிப்பு: ஆங்கிலம் வழியாகப் போகாதீர்கள்

சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு எடுக்கும் தமிழ் மாணவர்களுக்குப் பாலர் பள்ளியிலிருந்தே படிப்பெல்லாம் ஆங்கிலத்தில். தமிழ் ஒரு பாடம், வீட்டில் ஒரு பேச்சு, அவ்வளவுதான். என்யுஎஸ்ஸிலோ என்டியுவிலோ பிரெஞ்சு வகுப்பில் உட்கார்ந்தால் ஆரம்ப நிலையில் விளக்கமும் ஆங்கிலத்தில்தான் வரும். "ஆங்கிலத்தில் இந்தச் சொல்லில் வரும் ஒலியைப் போல, ஆனால் கொஞ்சம் வேறு" என்று சொல்லித் தருவார்கள். மாணவரும் அந்த ஆங்கில ஒலியை எடுத்துத் திருத்த முயல்வார். அதைவிட நெருக்கமான ஒலி அவர் வீட்டில் அம்மாவிடம் பேசும் பேச்சிலேயே இருக்கும், அதைத் தேடத் தோன்றாது. நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளம்புகின்றன. தமிழே காலை வாரிவிடும் இடங்களும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. இந்தக் கட்டுரையில் பிரெஞ்சுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். எந்தச் சொல் என்று அடையாளம் காட்ட மட்டும்தான் அது. உங்கள் குறிப்பேட்டில் இப்படி எழுதிப் பழகாதீர்கள். ஏன் என்று கீழே தெரியும்.

டகரம் வேண்டாம், தகரம் போதும்

ஆங்கிலச் சொல்லில் 'டி' (t, d) எழுத்தைப் பார்த்தால் நாம் 'ட' போடுவோம். டாக்டர், டிக்கெட், டேபிள். நாக்கை மடித்து மேலே தட்டும் ஒலி அது. பிரெஞ்சுக்கும் அதே பழக்கத்தைக் கொண்டுபோவதுதான் தமிழர் உச்சரிப்பு உடனே காதில் குத்துவதற்குக் காரணம். பிரெஞ்சில் நாக்கு நுனி மேல்பல்லின் பின்புறத்தைத் தொடும். அதாவது நம் 'த'. மேசையைச் சொல்லும் பிரெஞ்சுச் சொல் 'தாப்ல்', டேபிளுக்கும் அதற்கும் எழுத்து ஒன்றுதான், நாக்கு வேறு இடத்தில்.

இன்னொரு வசதியும் இருக்கிறது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் சொல்லின் முதலில் வரும் வல்லினத்தோடு ஒரு மூச்சுக் காற்று வெளியே வரும். பிரெஞ்சில் அது கிடையாது, தமிழிலும் கிடையாது. உள்ளங்கையை வாய்க்கு முன் வைத்து 'பால்' என்று சொல்லுங்கள். காற்று கையில் மோதாது. பாரிஸையும் அப்படியே சொல்லுங்கள். வகுப்பில் மற்றவர்கள் இதைப் பழக வாரக்கணக்கில் பாடுபடும்போது உங்களுக்கு அது பிறப்பிலேயே கிடைத்திருக்கிறது.

வந்தான், வந்தேன், வந்தோம்

பிரெஞ்சின் மூக்கொலி உயிர்கள் கடினம் என்று எல்லாரும் சொல்வார்கள். ஆங்கிலத்தின் வழியே பார்த்தால் கடினம்தான், ஏனென்றால் அங்கே உயிர் முடிந்ததும் மெய்யாக ஒரு 'ன்' வந்து நாக்கு மேலே போய் ஒட்டும். ஆனால் நீங்கள் வீட்டில் "நேத்து நானும் வந்தேன்" என்று சாதாரணமாகச் சொல்லும்போது கடைசி 'ன்' என்ன ஆகிறது என்று கவனியுங்கள். நாக்கு எங்கேயும் தொடுவதில்லை. 'ஏ' என்ற உயிரே மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் சேர்ந்து வந்து நின்றுவிடுகிறது. அதுதான் மூக்கொலி உயிர். நாம் அதை நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இன்னும் சொன்னால், இன்றைய பாரிஸ் பிரெஞ்சில் பெரும்பாலானோர் பேச்சில் நிற்கும் மூன்று மூக்கொலிகளுக்கும் ஒரே வினைச்சொல்லிலிருந்து படி கிடைக்கும். 'வந்தோம்' என்பதன் பேச்சு ஈறு 'நல்ல' என்ற பொருள் தரும் 'போன்' என்ற சொல்லின் உயிருக்கு மிக அருகில் இருக்கிறது. 'வந்தேன்' என்பதன் ஈறு திராட்சை மதுவைக் குறிக்கும் சொல்லின் உயிருக்குப் பக்கத்தில் நிற்கும், ஆனால் பிரெஞ்சில் தாடையை இன்னும் கொஞ்சம் கீழே இறக்க வேண்டும். 'வந்தான்' என்பதன் ஈறு 'வெள்ளை' என்ற சொல்லின் உயிருக்கு ஆரம்பம். அதை வாயின் பின்பக்கம் தள்ளி, உதட்டை லேசாகக் குவித்தால் பாரிஸ்காரர் ஒலி வந்துவிடும். மூன்றும் அச்சு அசலாக ஒன்றல்ல. ஆனால் ஆங்கிலத்திலிருந்து தொடங்குபவரைவிட நீங்கள் பாதி தூரம் முன்னால் நிற்கிறீர்கள்.

இதைச் சரியாகச் செய்யாவிட்டால் வெறும் அந்நிய வாடையோடு போகாது, பொருளே மாறும். 'அவன் வருகிறான்' என்பதற்கு வினை மூக்கொலியில் முடியும். 'அவர்கள் வருகிறார்கள்' என்றால் அதே வினை முழு 'ன்' மெய்யில் முடியும், மூக்கொலி போய்விடும். ஒருமையைச் சொல்லும் இடத்தில் நாக்கை மேலே ஒட்டவைத்தால் கேட்பவர் காதில் பன்மை விழும். தமிழ்ப் பாடத்தை உரக்க வாசிக்கும்போது வரும் 'வந்தேன்' பன்மைக்கு, பேசும்போது வரும் 'வந்தேன்' ஒருமைக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்பால் பெண்பாலிலும் இதே கதைதான். 'நல்லவன்' மூக்கொலி, 'நல்லவள்' முழு மெய்.

தமிழ் காலை வாரும் இடம்

சரி, மூக்கொலி நம்மிடம் சொல்லின் கடைசியில் மட்டும்தான் இருக்கிறது. நடுவில் வந்தால் தமிழ் வேறு வேலை செய்யும். மெல்லினத்தை அடுத்து வரும் வல்லினம் நமக்குத் தானாகவே, தொண்டையில் குரல் அதிரும் ஒலியாகிவிடும். 'பந்து' என்பதில் வரும் 'த'வும் 'பத்து' என்பதில் வரும் 'த'வும் ஒன்றல்ல. இந்த விதி மூளையில் அவ்வளவு ஆழமாக இருப்பதால் பிரெஞ்சிலும் நாம் கேட்காமலே வேலை செய்கிறது.

ஒரு ஜோடியைப் பாருங்கள். 'இரக்ககுணம், நல்ல மனம்' என்ற பொருளில் ஒரு சொல். 'ஆள் நெரிசலான' என்ற பொருளில் இன்னொரு சொல். காலை 8 மணிக்கு எம்ஆர்டி ரயில் இருக்குமே, அதைச் சொல்லும் சொல். இரண்டிலும் முதல் அசை ஒன்றே, 'போ' என்பதன் மூக்கொலி. இரண்டாவது அசையில்தான் வித்தியாசம். முதல் சொல்லில் அதிராத 'தே', இரண்டாவதில் அதிரும் 'தே'. இப்போது இரண்டையும் தமிழில் எழுதிப் பாருங்கள். இரண்டும் 'போந்தே' என்றுதான் வரும். எழுதியதை வாசித்தால் இரண்டும் நெரிசலாகத்தான் ஒலிக்கும். நல்ல மனத்தைச் சொல்ல நம் எழுத்தில் வழியே இல்லை. குறிப்பேட்டில் தமிழ் எழுத்தில் எழுதாதீர்கள் என்றது இதற்காகத்தான்.

இங்கே தவறு இரண்டு அடுக்காக நடக்கிறது. மூக்கொலி உயிருக்கும் 'தே'வுக்கும் நடுவில் ஒரு 'ந்' நுழைகிறது. அந்த 'ந்' வந்ததும் 'தே' அதிரத் தொடங்குகிறது. ஆகவே 'தே'யைத் திருத்திப் பயனில்லை, 'ந்'ஐ எடுக்க வேண்டும். முதல் அசையைச் சொல்லி ஒரு நொடி நில்லுங்கள், நாக்கு தரையில் படுத்திருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் 'தே' சொல்லுங்கள். மெல்ல இடைவெளியைக் குறையுங்கள். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பௌல் பூர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் உருவாக்கிய 'பிராட்' என்ற இலவச மென்பொருளில் உங்கள் குரலைப் பதிவு செய்து பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். வல்லினம் அடைபடும் நேரத்தில், ஒலியைப் படமாகக் காட்டும் நிறமாலையின் அடியில் கரிய பட்டை ஓடினால் குரல் அதிர்கிறது என்று பொருள். பட்டை இல்லாமல் வெள்ளையாக ஒரு இடைவெளி தெரிய வேண்டும்.

கடைசி மெய்யை விழுங்குவதும், 'உ' சேர்ப்பதும்

சிங்கப்பூர் ஆங்கிலத்தில் சொல்லின் கடைசி வல்லினம் பெரும்பாலும் வெடிப்பதில்லை. 'புக்' என்பதன் கடைசி 'க்' தொண்டையிலேயே நின்றுவிடும். கோப்பிக்கடையில் அது யாருக்கும் இடைஞ்சல் இல்லை. பிரெஞ்சில் அந்தக் கடைசி மெய்தான் பல பெயரடைகளில் பெண்பாலைக் காட்டுகிறது. 'சிறியவன்' உயிரில் முடியும், 'சிறியவள்' தெளிவாக வெடிக்கும் 'த்'இல் முடியும். விழுங்கினால் பெண்பால் காணாமல் போகும். இலக்கணம் சரியாகத் தெரிந்தவர்களும் வாய்மொழித் தேர்வில் இலக்கணப் பிழைக்காக மதிப்பெண் இழப்பது இதனால்தான்.

இதைத் திருத்தப் போய் பலர் மறுபக்கம் சாய்வார்கள். 'பஸ்ஸு', 'புக்கு' என்று சொல்லும் பழக்கத்தில் கடைசியில் ஒரு 'உ' சேர்ந்துவிடும். உதட்டைக் குவிக்காமல் நாக்கைப் பல்லிலிருந்து எடுத்தால் போதும், ஒலி தானாக வெடித்து அடங்கும்.

குவிந்த உதடு

தமிழில் முன்நாக்கு உயிர்களுக்கு உதடு விரியும், பின்நாக்கு உயிர்களுக்கு உதடு குவியும். பிரெஞ்சில் முன்நாக்கு உயிருக்கும் உதடு குவியலாம். 'நீ' என்பதற்கான சொல்லை 'தூ' என்றோ ஆங்கிலப் பாணியில் 'த்யூ' என்றோ சொல்வது இதனால். 'தூ' என்றால் அது 'எல்லாம்' என்று பொருள்படும் வேறு சொல். 'மேலே', 'கீழே' என்ற இரண்டு சொற்களுக்கும் இந்த ஒரு உயிர்தான் வித்தியாசம், ஆகவே இதில் சமாளிக்க முடியாது. 'ஈ' என்று நீட்டிச் சொல்லிக்கொண்டே நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் குவியுங்கள். இல்லையென்றால் சீனத் தோழர் ஒருவரிடம் ஜூரோங் ஈஸ்ட்டை மாண்டரினில் சொல்லச் சொல்லுங்கள். முதல் அசையில் வருவது இதே உயிர். இந்த ஊரில் இருப்பதன் நன்மை அது. அதே முறையில் 'ஏ' சொல்லி உதட்டைக் குவித்தால் 'கொஞ்சம்' என்ற சொல்லின் உயிர் வரும். வாயை இன்னும் திறந்து 'எ'யோடு செய்தால் 'பயம்' என்ற சொல்லின் உயிர்.

ஜகரம், ழகரம், ரகரம்

'நான்' என்ற பொருள்தரும் பிரெஞ்சுச் சொல்லை நம் ஜகரத்தால் சொல்லக் கூடாது. ஜகரம் அடைத்துத் திறக்கும் ஒலி. பிரெஞ்சு ஒலி அடைபடாமல் உரசிக்கொண்டே நீளும். தமிழ்ச் சிற்றிதழ்களில் இந்த எழுத்துக்கு 'ழ' போட்டு, பிரெஞ்சுத் தத்துவவாதியின் பெயரை 'ழாக் தெரிதா' என்று எழுதும் வழக்கம் உண்டு. எழுத்துக்கு அது நல்ல ஏற்பாடு, வாய்க்கு அல்ல. நம் ழகரத்தில் நாக்கு பின்னால் மடியும், உரசல் கிடையாது. 'ஷ்' என்று நீட்டி, அதோடு குரலைச் சேர்த்துப் பாருங்கள்.

ரகரத்துக்கு மாணவர்கள் ஒதுக்கும் நேரம் ரொம்ப அதிகம் என்பது என் கருத்து. பிரெஞ்சு ரகரம் உள்நாக்குப் பக்கம் மெல்ல உரசும் ஒலி, உண்மைதான். ஆனால் நாக்கு நுனியால் தமிழ் ரகரம் சொன்னாலும் பிரெஞ்சுக்காரருக்குப் புரியும், உயிரொலி தவறினால் புரியாது. காறித் துப்புவது போல் அழுத்திச் சொல்வதுதான் உண்மையில் கேட்கச் சங்கடமானது. குர்ஆன் ஓதப் பழகியவர்களுக்கு அரபு எழுத்தான ஃகைன் மிக நெருங்கிய தொடக்கம். மற்றவர்கள் வாய் கொப்பளிக்கும் இடத்தைத் தேடிப் பிடித்து, அதன் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் போதும்.

சொற்கள் சேரும் இடம்

'அவன் எங்கே' என்பது பேச்சில் 'அவனெங்கே' ஆகிறது. மெய்யின் மேல் உயிர் ஏறும் இந்தப் புணர்ச்சி பிரெஞ்சில் ஒவ்வொரு வாக்கியத்திலும் நடக்கும். அதனால் சொல்லுக்குச் சொல் வெட்டி வெட்டிப் பேசும் பழக்கத்தை விட்டாலே பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, ஊமையாகக் கிடந்த மெய் அடுத்த உயிரைக் கண்டதும் உயிர்பெறும் இடங்கள். 'கள்' விகுதி போல வரும் கடைசி எழுத்து அங்கே அதிரும் ஸகரமாக வரும். தேனீ ரீங்கரிப்பது போன்ற அந்த ஒலி தமிழில் இல்லை, எனவே நாம் சாதாரண ஸகரம் போடுகிறோம். விளைவு, 'இரண்டு மணி' என்று சொல்ல வந்தவர் 'இரண்டு சகோதரிகள்' என்று சொல்கிறார். 'அவர்களிடம் இருக்கிறது' என்பது 'அவர்கள் இருக்கிறார்கள்' ஆகிறது.

அதிகமாகச் சேர்ப்பதும் தவறு. 'உம்' பொருள் தரும் 'ஏ' என்ற இணைப்புச் சொல்லுக்குப் பின் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. ஹகரம் எழுதப்பட்டும் ஒலிக்காத சில சொற்களுக்கு முன்னாலும் சேர்க்கக் கூடாது. 'வீரர்கள்' என்பதற்கு முன் சேர்த்தால் 'பூஜ்ஜியங்கள்' என்று கேட்கும்.

எழுத்தைப் பார்த்து ஒவ்வொன்றையும் ஒலிப்பது நம் தமிழ் வாசிப்புப் பழக்கம். பிரெஞ்சில் எழுத்தில் இருக்கும் பலவீனமான 'எ' ஒலி பேச்சில் பல இடங்களில் விழுந்துவிடும். பிரெஞ்சு மொழியியலாளர் மொரீஸ் கிராமோன் வகுத்த 'மூன்று மெய்' விதியை நினைவில் வையுங்கள்: விழுந்தால் மூன்று மெய்கள் மோதிக்கொள்ளும் என்றால் விழாது. சனிக்கிழமை 'சாம்தி' ஆகிறது, வெள்ளிக்கிழமையில் அந்த 'எ' நிற்கிறது. அழுத்தம் சொற்கூட்டத்தின் கடைசி அசையில் மட்டும், அதையும் கொஞ்சம் நீட்டினால் போதும். எல்லா அசைக்கும் ஏறக்குறைய ஒரே நேரம் தரும் தாளம் நமக்குத் தமிழிலும் சிங்கப்பூர் ஆங்கிலத்திலும் ஏற்கெனவே இருக்கிறது. வகுப்பில் 'பிபிசி' ஆங்கிலம் பேச முயன்று அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

தேர்வுத் தாளில்

ஒலிக்குறி எழுதும் கேள்வியில் போகும் மதிப்பெண்கள் அநியாயமானவை. பன்னாட்டு ஒலிக்குறியில் ஆங்கில 'ஜே' எழுத்து நம் 'ய்'ஐக் குறிக்கும். ஆங்கில 'ஒய்' எழுத்து, மேலே சொன்ன குவிந்த 'ஈ'யைக் குறிக்கும். அவசரத்தில் ஆங்கிலக் கண்ணோடு எழுதினால் இரண்டும் இடம் மாறும். ரகரத்துக்குத் தலைகீழாக நிற்கும் சிறிய பெரியெழுத்து 'ஆர்' போட வேண்டும், சாதாரண 'ஆர்' அல்ல. சாய்கோடுகளுக்குள் எழுதினால் ஒலியன், அதாவது பொருளை வேறுபடுத்தும் ஒலி அலகு; சதுர அடைப்புக்குள் எழுதினால் வாயிலிருந்து உண்மையில் வந்த ஒலி. கேள்வி எதைக் கேட்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். இந்தக் குறிகளை உருவாக்கிய சங்கம் 1886-ல் பாரிஸில் போல் பாஸ்ஸி தலைமையில் மொழி ஆசிரியர்கள் தொடங்கியது. கற்பவர் கைக்குத்தான் அது செய்யப்பட்டது, எனவே புதிய சொல் ஒவ்வொன்றையும் அகராதியின் ஒலிக்குறியோடு சேர்த்தே எழுதி வாருங்கள்.

பாடப்புத்தகம் 16 உயிரொலி என்று பட்டியல் போடும். பாரிஸில் பலர் பேச்சில் அதில் சில கலந்துவிட்டன. பழுப்பு நிறத்தைக் குறிக்கும் சொல்லின் மூக்கொலியும் திராட்சை மதுவின் மூக்கொலியும் அங்கே பெரும்பாலும் ஒன்றே, தெற்கே போனால் இரண்டாகவே நிற்கும். பாரிஸில் தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பெல் பக்கம் உங்களுக்குச் சொந்தக்காரர் இருந்தால் அங்கே பிறந்த பிள்ளைகளை இந்த இரண்டு சொற்களையும் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். தேர்வில் எந்த முறைப்படி எழுத வேண்டும் என்பதை மட்டும் பருவத்தின் முதல் இரண்டு வாரத்திலேயே விரிவுரையாளரிடம் கேட்டுவிடுங்கள்.