கிராமத்திலிருந்து வரும் அந்த அழைப்பு: தொலைவழி மனநல ஆலோசனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனநல மருத்துவரைப் பார்க்க அரை நாள் பயணம் போக வேண்டிய ஊர்கள் உலகம் முழுக்க இருக்கின்றன. அந்த ஊரில் இருக்கிற ஒரே செவிலியர் பெரும்பாலும் தெரிந்தவராகவோ சொந்தக்காரராகவோ இருப்பார், அவரிடம் போய் "வாழவே பிடிக்கலை" என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. யாரென்றே தெரியாத ஒருவரிடம் போனில் சொல்வது அதைவிட எளிது. அதனால்தான் போன், வீடியோ கால், குறுஞ்செய்தி வழியாகக் கிடைக்கும் உதவியை நான் இவ்வளவு நம்புகிறேன். அதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்வதும் அதனால்தான்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இதைப் படிக்கும் உங்களுக்கே உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்துகொண்டிருந்தால், மீதியை அப்புறம் படிக்கலாம், இப்போது யாரிடமாவது பேசுங்கள். இந்தியாவில் 14416, இலங்கையில் 1926. வேறு நாட்டில் இருந்தால் அங்கே உள்ள உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

இனி உதவி செய்கிறவர்களுக்கு. நான் பார்த்தவரை பெரிய தவறு, கூப்பிடுகிறவர் எங்கே இருக்கிறார் என்று கேட்காமலேயே பேச ஆரம்பிப்பது. கேட்டால் போலீஸ் விசாரணை மாதிரி ஆகிவிடுமோ என்று தயக்கம், அது புரிகிறது. ஆனால் இருபது நிமிடம் பேசியபின் அவர் "இன்னைக்கு ராத்திரி தாண்டாதுங்க" என்று சொன்ன அடுத்த வினாடி சிக்னல் போய்விட்டால் யாரை எங்கே அனுப்புவீர்கள்? கையில் இருப்பது ஒரு போன் எண் மட்டும், அது எந்த ஊரைக் காட்டுகிறது என்பதை நம்பவும் முடியாது. அமெரிக்காவில் 2022 ஜூலையில் 988 என்ற நெருக்கடி எண் வந்தபோது, கூப்பிடுகிறவர் நிற்கும் இடத்தை வைத்து அழைப்புகளைப் பிரிக்கவில்லை, அவருடைய எண்ணின் பகுதிக் குறியீட்டை வைத்துத்தான் பிரித்தார்கள். வேறு மாநிலத்தில் வாங்கிய எண்ணை வைத்திருந்தவரின் அழைப்பு அந்த மாநிலத்துக்கே போனது. இருக்கும் இடத்தை வைத்து அனுப்பும் முறை 2024-இல்தான் தொடங்கியது.

கேட்கிற விதத்தில் கேட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. "நடுவில லைன் போயிட்டா நானே திரும்பக் கூப்பிடணும், அதுக்காகக் கேக்குறேன். இப்ப எங்க இருக்கீங்க? இந்த நம்பர் கிடைக்கலைன்னா வேற எதுல கூப்பிடலாம்? பக்கத்துல யாராவது இருக்காங்களா?" அவ்வளவுதான். கிராமத்தில் கதவு எண்ணும் தெருப் பெயரும் பல நேரம் உதவாது, வழி தெரியாத ஆம்புலன்ஸ் ஓட்டுநர் எதை அடையாளம் வைத்து வர வேண்டும் என்று கேளுங்கள். இதை ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். போன வாரம் வீட்டில் இருந்தவர் இன்று தோட்டத்தில் தனியாக இருக்கலாம்.

அடுத்தது, அவர் தனியாகத்தான் பேசுகிறார் என்று நாமாக முடிவு செய்துகொள்வது. ஒருவர் நிறுத்திய வண்டிக்குள் உட்கார்ந்து, போனை ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்துப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதைக் கேட்டாலும் "ம்", "பரவால்லைங்க". ஒத்துழைக்கவில்லை என்று குறிப்பு எழுதிவிடுவோம். கண்ணாடிக்கு வெளியே இரண்டடி தள்ளி அண்ணன் நிற்பது நம் திரையில் தெரியாது. ஆகவே ஆரம்பத்திலேயே "நீங்க பேசுறது யாருக்காவது கேக்குமா? ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க போதும்" என்று கேட்டுவிட வேண்டும். யாராவது வந்துவிட்டால் சொல்ல ஒரு சாதாரண வார்த்தையை இருவரும் முன்பே பேசி வைத்துக்கொள்ளலாம், அதைக் கேட்டதும் நீங்கள் பேச்சை மாற்றிவிடலாம். வீட்டுக்கே ஒரு போன் என்றால் "உங்கள் மனநல ஆலோசனை நாளை 4 மணிக்கு" என்று குறுஞ்செய்தி போகவே கூடாது. அதை முதலில் படிப்பது யார் என்று நமக்குத் தெரியாது.

தற்கொலை என்ற சொல்லைச் சுற்றிச் சுற்றிப் போவது இன்னொரு தவறு. "அப்படியெல்லாம் எதுவும் நினைக்கலையே?" என்று கேட்கிறோம். இந்தக் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது, 'இல்லை' என்று சொல்லுங்கள், நான் நிம்மதியாகிவிடுகிறேன் என்று அவரிடம் கெஞ்சுகிறோம். அவரும் நம்மைக் காப்பாற்ற இல்லை என்று சொல்லிவிடுவார். நேராகக் கேளுங்கள்: "உயிரை விட்டுடணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா?" கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, ஆய்வுகள் அதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. கேட்டபிறகு வரும் மௌனத்தையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். நெட்வொர்க் தாமதமா, அழுகையா என்று தெரியாமல் "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் அவர் சொல்ல வந்தது உள்ளேயே போய்விடும். "நான் இருக்கேன், மெதுவா சொல்லுங்க" போதும்.

வீடியோதான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். உறைந்து உறைந்து நிற்கும் முகத்தைவிடத் தெளிவான குரல் எவ்வளவோ மேல்.

கேள்விப் பட்டியலுக்கு மதிப்பெண் போட்டு 'ஆபத்து குறைவு' என்று வந்ததும் ஆசுவாசப்படுவதும் ஆபத்தானது. ஐம்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2017-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, நாம் பார்க்கும் ஆபத்துக் காரணிகளை வைத்துத் தற்கொலையைக் கணிப்பது குருட்டாம்போக்கில் சொல்வதைவிடக் கொஞ்சம்தான் மேல் என்றது. பட்டியல் பேச்சைத் தொடங்க உதவும், அவ்வளவுதான். "எதுவும் செஞ்சுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்று வாங்குவதும் பயன் தராது. அந்த நேரத்தை இருவரும் சேர்ந்து பாதுகாப்புத் திட்டம் எழுதச் செலவிடுங்கள்: எண்ணம் வலுக்கப் போகிறது என்பதற்கு எது அறிகுறி, அப்போது தானாக என்ன செய்யலாம், யாரோடு போய் இருக்கலாம், யாரிடம் வெளிப்படையாகச் சொல்லலாம், எந்த எண்ணைக் கூப்பிடலாம், வீட்டிலிருந்து எதை அப்புறப்படுத்த வேண்டும். தொலைவழியில் நடக்கும் கோளாறு என்னவென்றால், இதையெல்லாம் நாம் நம் கணினியில் தட்டி நம் கோப்பில் சேமித்துவிடுகிறோம், அவர் கையில் ஒன்றுமே இல்லை. அவரே தன் கையால், தன் வார்த்தையில் ஒரு காகிதத்தில் எழுதட்டும். போனில் சார்ஜ் தீர்ந்த ராத்திரியிலும் காகிதம் இருக்கும்.

அதில் கடைசியாகச் சொன்ன அப்புறப்படுத்துவதைத்தான் நேரமில்லை என்று விட்டுவிடுகிறார்கள், கிராமத்தில் அதுதான் உயிர்நாடி. உலகத் தற்கொலைகளில் 15 முதல் 20 சதவீதம் வரை பூச்சிமருந்தால் நடப்பவை என்கிறது உலக சுகாதார நிறுவனம், பெரும்பாலும் விவசாயப் பகுதிகளில். மிகக் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த இலங்கையில் 1995-க்குப் பிறகு இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. உயிரை விட்டுவிட வேண்டும் என்ற வேகம் பலருக்கு அலை மாதிரி வந்து போகிறது, அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றும் இல்லையென்றால் பிழைத்துக்கொள்கிறார்கள். ஆகவே மருந்தோ துப்பாக்கியோ, வீட்டில் என்ன இருக்கிறது, எங்கே, சாவி யாரிடம் என்று கேளுங்கள். அவர் சம்மதித்தால், நம்பிக்கையான ஒருவரை அதே அழைப்பில் சேர்த்து, கொஞ்ச நாளைக்கு அதை வேறு இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். "பார்த்துக்கங்க" என்று பொதுவாகச் சொன்னால் ஒன்றும் நகராது.

உடனடி ஆபத்து என்று தெரிந்தால் போனை வைத்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடாதீர்கள். நீங்கள் பேசிக்கொண்டே இருக்க, பக்கத்தில் இருக்கும் சக ஊழியர் கூப்பிட வேண்டும். வண்டி வந்து சேர ஒரு மணி நேரம் ஆகலாம், அதுவரை லைனில் நீங்கள்தான். இதற்காகவே இந்த வேலையைத் தனி ஆளாகச் செய்யக் கூடாது.

கடைசித் தவறு, ஒரு அழைப்போடு விடுவது. பிரேசில், இந்தியா, இலங்கை, ஈரான், சீனா ஆகிய ஐந்து நாடுகளில், தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரை வைத்து உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2008-இல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றவர்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசி, பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ விசாரித்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். பெரிய மருந்து மாத்திரை எதுவும் இல்லை, "எப்படி இருக்கீங்க, ஏதாவது வேணுமா" என்று கேட்டதுதான்.

நாம் என்ன செய்கிறோம்? இரண்டாவது அழைப்பை அவர் எடுக்கவில்லை என்றால் 'தொடர்பில் இல்லை' என்று எழுதிக் கோப்பை மூடுகிறோம். டவர் இல்லாமல் இருந்திருக்கலாம், ரீசார்ஜ் தீர்ந்திருக்கலாம், வெட்கமாகவும் இருந்திருக்கலாம். அன்றைக்கே மறுபடி முயற்சி செய்யுங்கள், அவர் அனுமதித்துக் கொடுத்த இன்னொரு எண்ணிலும் கூப்பிடுங்கள். யார் படித்தாலும் எதுவும் தெரியாத மாதிரி இரண்டு வரி அனுப்புங்கள்: "நல்லா இருக்கீங்களா? வியாழன் காலை 10 மணிக்குக் கூப்பிடுறேன், எடுக்க முடியலைன்னாலும் பரவாயில்லை, மறுபடி கூப்பிடுவேன்." அப்புறம் வியாழன் காலை, பத்து மணிக்குக் கூப்பிடுங்கள்.