ஸ்டிஃப்னர் வைத்த தகட்டுக்கு மெஷ்ஃப்ரீ: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்டிஃப்னர் என்பது தகட்டை விறைப்பாக்க அதோடு இணைக்கும் பட்டை; மெஷ்ஃப்ரீ என்பது தகட்டை எலிமென்ட்களாகப் பிரிக்காமல், அதில் பரப்பிய புள்ளிகளை (கணுக்களை) வைத்தே கணக்கிடும் வழி. அலகைக் குழப்புவது, லோடின் குறியை மாற்றிப் போடுவது எல்லாம் முதல் ரன்னிலேயே மாட்டிக்கொள்ளும். அவற்றை விட்டுவிடுகிறேன். இங்கே சொல்வது மாட்டிக்கொள்ளாத தவறுகள். புதியவர்கள் பெரும்பாலும் தொடங்கும் எலிமென்ட்-ஃப்ரீ காலர்கின் முறையை வைத்தே பேசுகிறேன்.

கணுவில் இருக்கும் எண் தொய்வு அல்ல

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. இந்த முறை பயன்படுத்தும் மூவிங் லீஸ்ட் ஸ்கொயர்ஸில் (ஒவ்வொரு இடத்திலும் பக்கத்துக் கணுக்களுக்கு எடை கொடுத்து வளைவைப் பொருத்தும் வழி) வரும் வளைவு கணு மதிப்புகளின் வழியே போகாது, பக்கத்தில்தான் போகும். ஒரு கணுவின் உண்மையான தொய்வு வேண்டுமென்றால், சுற்றியுள்ள கணுக்களின் எண்களையும் ஷேப் ஃபங்ஷனால் (ஒவ்வொரு கணுவின் எண்ணுக்கும் அந்த இடத்தில் எவ்வளவு பங்கு என்று சொல்வது) பெருக்கிக் கூட்டியாக வேண்டும். விளிம்புக் கணுக்களுக்குப் பூஜ்யம் போட்டாலும் உள்ளே இருக்கும் கணுக்கள் விளிம்பை அசைக்கும். அதனால்தான் 1994-இல் பெலிட்ச்கோ, லூ, கூ மூவரும் இந்த முறையை முன்வைத்தபோதே விளிம்புக்கு லக்ராஞ்சே பெருக்கியை (விளிம்பு நிபந்தனையைத் தனிச் சமன்பாடாகச் சேர்க்கும் உத்தி) பயன்படுத்தினார்கள்.

சரி, இதைப் பலரும் படித்துவிடுகிறார்கள். விளிம்பில் ஒழுங்காகவும் செய்கிறார்கள். ஸ்டிஃப்னரை இணைக்கும்போதுதான் மறந்துபோகிறார்கள்.

ஒரு ஆராய்ச்சி மாணவர் அப்படித்தான் வந்தார். வெறும் சதுரத் தகடு, நான்கு பக்கமும் சாதாரணத் தாங்கல், சீரான லோடு: நடுத்தொய்வுக் கெழு (லோடு, பக்க நீளம், விறைப்பு ஆகியவற்றை வைத்துத் தொய்வை அலகில்லா எண்ணாக்கியது) 0.00406, புத்தகத்தில் உள்ளபடியே. அப்புறம் தகட்டுக் கணுவின் எண்ணும் ஸ்டிஃப்னர் கணுவின் எண்ணும் சமம் என்று வைத்து இணைத்திருக்கிறார். “ரெண்டும் சேர்ந்தே வளையுது சார்” என்று படத்தைக் காட்டினார். படத்தை வரைந்ததும் அதே எண்களை வைத்துத்தான். பிறகு எப்படிப் பொருந்தாமல் போகும்? தகட்டுக்கு அதன் ஷேப் ஃபங்ஷன், ஸ்டிஃப்னருக்கு அதனுடையது என்று போட்டுத் தொய்வைக் கணக்கிடச் சொன்னேன். இரண்டு கோடுகளும் பிரிந்து நின்றன. அதுவரை போட்ட அட்டவணைகள் எல்லாம் வீண்.

கணுக்களை நெருக்கினால் இந்த இடைவெளி குறையும். கன்வர்ஜ் ஆகிறது, அதாவது சரியான விடையை நெருங்குகிறது என்று நம்பி ஏமாறுவது அங்கேதான்.

ஸ்டிஃப்னர் கணு இருக்கும் ஒவ்வொரு இடத்திலும், ஷேப் ஃபங்ஷன் வழியே வரும் இரண்டு தொய்வுகளையும் சமப்படுத்துங்கள். ஸ்டிஃப்னர் எண்களைத் தகட்டு எண்களில் சொல்லும் ஓர் அணி (மேட்ரிக்ஸ்) கிடைக்கும். ஸ்டிஃப்னரின் விறைப்பு அணியை வலப்புறம் அதனாலும் இடப்புறம் அதன் ட்ரான்ஸ்போஸாலும் பெருக்கித் தகட்டின் அணியோடு கூட்டிவிடலாம். ஸ்டிஃப்னர் கணு வரிசையின் மேல்தான் வர வேண்டும் என்ற கட்டாயமும் போய்விடும். அதை எங்கே நகர்த்தினாலும் தகட்டுக் கணுக்களைத் தொட வேண்டாம். மெஷ்ஃப்ரீயைத் தேடி வந்ததே இதற்குத்தானே!

மையவிலகலை விழுங்காதீர்கள்

10 மிமீ தடிமன், 500 மிமீ அகலத் தகட்டின் அடியில் 10×100 மிமீ ஸ்டிஃப்னர் என்று வையுங்கள். மையவிலகல், அதாவது தகட்டின் நடுத்தளத்துக்கும் ஸ்டிஃப்னரின் மையத்துக்கும் உள்ள தூரம், 55 மிமீ. அதை மறந்தால் மொமென்ட் ஆஃப் இனெர்ஷியா (வெட்டுமுகம் வளைவை எவ்வளவு எதிர்க்கும் என்ற அளவு) 8.75 லட்சம் மிமீ⁴. உண்மையில் சுமார் 34 லட்சம். மையவிலகலைச் சேர்த்துவிட்டு, தகடு தன் தளத்திலேயே நீளவும் சுருங்கவும் இடம் கொடுக்காவிட்டால் 39 லட்சம் வரும். அதுவும் தவறு.

தாக்க ஆரம்

ஒரு கணுவின் செல்வாக்கு எட்டும் தூரம்தான் தாக்க ஆரம். இருபடி அடிப்படைக்கு (வளைவைப் பொருத்தும் பல்லுறுப்புக் கோவை இரண்டாம் படி என்றால்) ஒவ்வொரு காஸ் புள்ளிக்கும் (தொகையீட்டுக்காக மதிப்பைக் கணக்கிடும் இடம்) குறைந்தது 6 கணுக்கள் எட்ட வேண்டும். ஒரே கோட்டில் நிற்கும் ஆறு உதவாது.

காஸ் புள்ளிகளில் கஞ்சத்தனம்

வேண்டாம்.

“மெஷ்ஃப்ரீயில் ஷியர் லாக்கிங் வராது”

வரும். மெல்லிய தகடு கணக்கில் மட்டும் பொய்யாக விறைத்துப்போவதுதான் ஷியர் லாக்கிங். வெறும் தகட்டின் தடிமனைக் குறைத்துக்கொண்டே போங்கள். கெழு 0.00406-க்கு அருகில் நிற்காமல் கீழே சரிந்தால் லாக் ஆகிவிட்டது; அடிப்படையின் படியை உயர்த்திப் பாருங்கள்.