பீட்டில் காருக்கு முன்கண்ணாடி மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளியிலிருந்து பார்த்தால் எல்லா ஃபோக்ஸ்வேகன் பீட்டிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் 1957-க்குப் பிந்தைய செடானிலேயே மூன்று வகை முன்கண்ணாடி உண்டு. 1958 முதல் 1964 மாடல் வரை தட்டையான கண்ணாடி. 1965 மாடலில் அது 28 மி.மீ. உயர்ந்து, லேசாக வளைந்தது. 1973 மாடலாக வந்த '1303' என்ற வகையில் நன்றாக வளைந்த பெரிய கண்ணாடி. ஒன்றின் கண்ணாடி மற்றொன்றின் சட்டத்தில் உட்காராது.

ஆர்.சி.யில் உள்ள வருடத்தை மட்டும் நம்பி ஆர்டர் கொடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அந்தக் காலத்தில் ஜெர்மன் ஆலையில் மாடல் வருடம் முந்தைய ஆண்டின் ஆகஸ்டிலேயே தொடங்கிவிட்டது. 1964 அக்டோபரில் தயாரான கார் 1965 மாடல். பின் சீட்டுக்கு அடியில், காரின் தளத்தில் நடுவே ஓடும் குழாயின் மேல் சேஸிஸ் எண் பொறித்திருக்கும். 1965 மாடலிலிருந்து அதன் மூன்றாவது இலக்கம் வருடத்தைச் சொல்லும்: 115 என்று தொடங்கினால் 1965, 118 என்றால் 1968.

அதோடும் நின்றுவிடக் கூடாது. பீட்டிலின் பாடி, தளத்தோடு போல்ட்டில்தான் பிணைந்திருக்கிறது. ஒரு வருடத்துத் தளத்தில் வேறு வருடத்துப் பாடி ஏறியிருந்தால் அந்த எண் தளத்தின் வயதை மட்டுமே காட்டும். பழைய கண்ணாடி இருந்தால் அதன் குறுக்கே நேரான அளவுகோலை வைத்துப் பாருங்கள். நடுவில் மட்டும் தொட்டு ஓரங்களில் இடைவெளி தெரிந்தால் அது வளைந்த வகை. கண்ணாடியே இல்லையென்றால் சட்டத்தின் அளவுக்கு அட்டை வெட்டிக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

'சூப்பர் பீட்டில்' என்ற பெயரும் ஏமாற்றும். 1302, 1303 என்ற இரண்டு வகைகளுக்குமே அந்தப் பெயர்தான், முன் சஸ்பென்ஷனும் ஒரே மாதிரிதான். ஆனால் 1302-க்கு 1965-இல் வந்த அதே கண்ணாடி போதும். தகட்டு டாஷ்போர்டு என்றால் 1302. வளைந்த, பிளாஸ்டிக் பொதிந்த டாஷ்போர்டு என்றால் 1303. திறந்த கூரை கொண்ட கேப்ரியோலேவின் சட்டம் வேறு. செடான் கண்ணாடியை அதற்கு வாங்கவே வேண்டாம்.

கண்ணாடியைச் சட்டத்தில் பிடித்து நிறுத்தும் பீடிங் ரப்பரிலும் கவனம் தேவை. குரோம் பட்டைக்கான பள்ளம் உள்ளது, இல்லாதது என இரண்டு வகை கிடைக்கும். உலோகப் பட்டையாக இருந்தால், ரப்பரைக் கண்ணாடியில் மாட்டியதும் பட்டையைச் செருகிவிட்டு, அதன்பிறகே காரில் ஏற்ற வேண்டும். ஏற்றிய பின் செருகப் பார்த்தால் பட்டை மடங்கிவிடும்.

சட்டத்தின் கீழ் மூலைகளில்தான் துரு முதலில் பிடிக்கும். அதைச் சுரண்டி, அரித்த இடத்தை வெல்டு செய்தால் மேட்டைத் தேய்த்துச் சமமாக்குங்கள். விளிம்பில் சிறு புடைப்பு இருந்தாலும் லேமினேட்டட் கண்ணாடி அந்த இடத்தில் விரிசல் விடும். ரப்பரில் சட்டத்தின் விளிம்பு உட்காரும் பள்ளத்தில் சுமார் 4 மி.மீ. கயிற்றைச் சுற்றி, இரு முனைகளும் கீழே நடுவில் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி விடுங்கள். சோப்புத் தண்ணீர் தடவுங்கள். எண்ணெயும் கிரீஸும் ரப்பரை உப்ப வைக்கும். ஒருவர் வெளியே நின்று உள்ளங்கையால் அழுத்த, மற்றவர் உள்ளிருந்து கயிற்றை மெதுவாக இழுக்க வேண்டும். ரப்பர் உதடு எங்காவது விளிம்பைத் தாண்டி வராவிட்டால் குத்தித் தள்ளாதீர்கள். கண்ணாடியை வெளியே எடுத்து, கயிற்றைச் சுற்றி மறுபடி தொடங்குங்கள்.